எண், படம், பெயர்: பங்கசுப் படத்தொகுதிகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஒரு பூவையோ இலையையோ தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தினால், நூறாண்டு கழிந்த பின்னரும் அதன் உருவம் பெரும்பாலும் சிதையாது இருக்கும். பங்கசுகளின் நிலை வேறு. மழைக்கு மறுநாட் காலையில் முளைத்த காளான் மாலைக்குட் குடை விரித்து, அடுத்த நாள் புழுத்து, அதற்கடுத்த நாள் கரிய சேறாகிவிடும். உலர்த்தி எடுத்தாலும் நிறம் போகும், மணம் போகும், குடையின் வளைவும் தண்டின் வளையமும் சுருங்கி உருத்தெரியாது மறையும். எஞ்சுவன நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராயத்தக்க வித்திகளும் இழைகளுமே. எனவே கண்ணாற் கண்டு அறியவேண்டியதைப் படம் காக்கிறது. நுணுக்குக்காட்டியால் அறியவேண்டியதை உலர்ந்த மாதிரி காக்கிறது. எங்கே, எப்போது, எம்மரத்தின் அடியில் என்பதை எழுத்துக்குறிப்புக் காக்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று பிரிந்துவிடின் ஒவ்வொன்றும் அரைகுறைச் சாட்சியாகவே நின்றுவிடும்.

ஒருவர் தம் வாழ்நாளில், தம் ஊரில், தமக்கு வாய்த்த மழைக்காலங்களிற் காணக்கூடிய பங்கசுகள் மிகச் சிலவே. ஆதலின் இத்துறையிற் படத்தொகுதி என்பது தொடக்கந்தொட்டே பலர் கூடிச் செய்யும் காரியமாயிற்று. இன்று இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றுசேர்ந்து தொகுத்துவரும் பங்கசு நிழற்படத் தொகுதிகளை முற்றிலும் புதிய முயற்சிகள் எனக் கருதுவோர் உளர். கருவி புதிது, பிரச்சினை பழையது. பலர் அனுப்பும் படங்களைக் கொண்ட ஒரு பொதுத்தொகுதியை எதனை அச்சாகக் கொண்டு ஒழுங்கு செய்வது, பெயரையா அல்லது பதிவையா, என்பதே அப்பிரச்சினை. இக்கட்டுரை அவ்வினாவை வரலாற்று நோக்கில் அணுக முயல்கிறது. இவ்வரலாற்றிற் பேராதனைக்குரிய இடம் நம்மிற் பலர் அறிந்திருப்பதிலும் பெரிதாகையால், கட்டுரையின் பெரும்பகுதி அங்கேயே தங்கும்.

சொல்லாட்சி பற்றி ஒரு வார்த்தை. நம் பாடநூல்கள் வழங்கும் 'பங்கசு' என்ற சொல் இலைத்துரு முதல் நாய்க்குடை வரை யாவற்றையும் உள்ளடக்கும். 'காளான்' என்பது குடை விரித்து மேலெழும் வகையை மட்டுமே ஈண்டுக் குறிக்கும்.

முதலில் இங்கிலாந்தை நோக்குவோம். ஜேம்ஸ் சோவர்பி என்னும் ஓவியர் 1797 முதல் 1815 வரை ஆங்கிலப் பங்கசுகளின் நிறந்தீட்டிய உருவங்களைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். மொத்தம் 440 படத்தாள்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அன்பர்கள் அவருக்குப் பங்கசுகளை அனுப்பிவைத்தனர். வந்தவற்றை வந்த ஒழுங்கில் வரைந்து எண்ணிட்டு அச்சிட்டார். இதனால் ஒரே சாதியைச் சேர்ந்தவை நூலின் ஒரு கோடியில் ஒன்றும் மறு கோடியில் ஒன்றுமாகக் கிடந்தன. தாவரவியலார் தரும் 'சாதி' என்னும் பிரிவு கற்றோர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்ததோ அவ்வளவுக்கு இந்த ஒழுங்கீனம் உறுத்தியிருக்கும். ஆயினும் சோவர்பியின் எண்கள் இன்றும் பயன்படுகின்றன. அவர் காலத்துப் பெயர்கள் பல மாறிவிட்டன. இன்ன எண்ணுள்ள படம் என்று சுட்டும்போது ஐயத்துக்கு இடமில்லை. உண்ணத்தக்க காளானையும் நச்சுக் காளானையும் பொதுமக்கள் பிரித்தறிய வேண்டுமென்று அவர் களிமண்ணால் ஏறத்தாழ 200 உருவங்கள் செய்து வைத்திருந்ததும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. படத்தொகுதி வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அதனைப் பிழையாகப் படித்தவன் உயிரிழக்கவும் கூடும்.

இதற்கு நேர்மாறான வழியிற் சென்றவர் சுவீடன் நாட்டு எலியாஸ் ஃபிரைஸ் (1794–1878). 1821 இல் வெளிவரத் தொடங்கிய அவரது பெருநூல் பங்கசுகளை வகைப்படுத்தும் முறைக்கு நெடுங்காலம் அடிப்படையாயிற்று. காளான்களை வித்திப் பொடியின் நிறங்கொண்டு பிரித்த அவருக்குப் பெயரும் வகுப்புமே முதன்மையானவை. காளான்களின் உலர்ந்த மாதிரிகளை அவர் அதிகம் சேமித்து வைக்கவில்லை. பிற்காலத்தில், சுவீடன் அரச விஞ்ஞானக் கழகத்தின் ஆதரவுடன், ஓவியர்களைக் கொண்டு அவர் தீட்டுவித்த வண்ணப்படங்களே பல பெயர்களுக்கு எஞ்சிய சாட்சியாயின. ஃபிரைஸ் இன்ன பெயரால் எதனைக் கருதினார் என்று இன்று ஆராய்வோர் அப்படங்களைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டியுள்ளது. படத்திலோ வித்திகளை எடுத்து அளக்க இயலாது.

இனிப் பேராதனைக்கு வருவோம்.

பேராதனைத் தாவரவியற் பூங்கா இன்றுள்ள இடத்தில் 1821 இல் அமைக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளின் பின்னர், அலெக்சாந்தர் மூன் பொறுப்பிலிருந்த காலத்தில், ஹர்மானிஸ் தி அல்விஸ் செனெவிரத்தின என்பார் அங்குப் படவரைஞராகச் சேர்ந்து, ஏறக்குறைய நான்கு தசாப்தங்கள் பணிபுரிந்தார். அவருக்குப்பின் அவர்தம் மக்களும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். இலங்கையின் தாவரங்களை மட்டுமன்றி வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் தீட்டிய கைகள் இக்குடும்பத்தினருடையவை. ஐரோப்பிய அறிஞர்களின் பெயர் தாங்கி வெளிவந்த பெருநூல்களின் படங்கள் பலவற்றுக்கு மூலம் பேராதனையில் இருந்த இவர்களுடைய மேசையாகும்.

1849 இல் இப்பூங்காவின் பொறுப்பை ஏற்று 1880 வரை அதனை நடத்திய ஜோர்ஜ் துவைற்ஸ், இங்கிலாந்தில் இருந்த காலத்திலேயே நுணுக்குக்காட்டி ஆய்வில் தேர்ச்சி பெற்றவர். அவர் காலத்தில் இலங்கைப் பங்கசுகள் பெருந்தொகையாகச் சேகரிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அனுப்பப்பட்டவற்றைப் பெற்றுப் பெயரிட்டவர் இருவர். ஒருவர் மைல்ஸ் ஜோசப் பேர்க்கிலி (1803–1889) என்னும் கிராமத்துப் பாதிரியார். உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் ஒரு பங்கசே என 1846 இல் வாதிட்டுப் புகழ்பெற்றவர். மற்றவர் அவருடைய நண்பர் கிறிஸ்தோபர் எட்மண்ட் புறூம். இவ்விருவரும் இலங்கைப் பங்கசுகளின் பட்டியலை 1871 இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் இலண்டன் லினேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டனர். வெப்பவலய நாடொன்றின் பங்கசுகளை இவ்வளவு விரிவாகப் பதிந்த ஆரம்ப முயற்சிகளுள் இது முக்கியமானது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது அத்தொகுதியின் அமைப்பு. பேராதனையில் எடுக்கப்பட்ட மாதிரிக்கு ஓர் எண் கொடுக்கப்பட்டது. பல மாதிரிகளுக்கு வண்ணப்படம் தீட்டப்பட்டு, எண்ணால் அது மாதிரியோடு இணைக்கப்பட்டது. பெயர் அங்கே இல்லை. அது கடல் கடந்து சென்று பின்னரே பெறப்பட வேண்டியிருந்தது. அதாவது, முதலிற் பதிவு, பின்னர்ப் பெயர். குடியேற்ற ஆட்சியின் கீழ் அறிவுத்துறையில் நிலவிய தொழிற்பிரிவினைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. பறித்தவன் பெயரிடவில்லை, வரைந்தவர் பெயரிடவில்லை, பெயரிட்டவர்கள் அப்பங்கசை ஒருநாளும் மண்ணில் நின்ற கோலத்திற் கண்டதில்லை. சேற்றுமணமும் தொட்டாற் கன்றும் நிறமும் பேராதனையோடு நின்றுவிட்டன.

ஆயினும் இப்பிரிவினையை மட்டும் கூறி, எண்ணின் பயனைக் கூறாது விடுதல் நடுநிலையாகாது. எண் இருந்தமையால் மாதிரியும் படமும் பெயரும் பிற்காலத்தில் மீண்டும் ஒருங்கு வைத்து நோக்கப்படக் கூடியனவாய் இருந்தன. பேர்க்கிலி 1879 இற் கியூ தாவரவியற் பூங்காவுக்கு அளித்த பெருஞ்சேமிப்போடு அவரிடமிருந்த இலங்கை மாதிரிகளும் அங்குச் சென்றன. புறூமின் சேமிப்பு பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்றது. சில பேராதனையிலேயே தங்கின. மூன்று இடங்களிற் சிதறிய ஒரு தொகுதியை இணைக்கும் நூலாக அந்த எண்களே நின்றன.

இத்தொடர்பின் வழியாகவே ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் என்னும் பெயரும் உலகுக்கு வந்தது. 1869 இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் தோன்றின. துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பேர்க்கிலி அவ்வாண்டு நவம்பரில், இலண்டனில் வெளிவந்த தோட்டக்கலை வாரப் பத்திரிகையொன்றில், அப்பங்கசை விவரித்துப் பெயரிட்டார். வித்தியின் ஒரு பாதி வழுவழுப்பாகவும் மறுபாதி கரடுமுரடாகவும் இருந்தமையாற் சாதிப்பெயரும், அது செய்யத்தக்க அழிவினால் இனப்பெயரும் அமைந்தன. பெயர் சில மாதங்களிற் கிடைத்துவிட்டது. அது எவ்வாறு இலையினுட் புகுகிறது, எவ்வாறு தோட்டம் விட்டுத் தோட்டம் பரவுகிறது என்பன தெரிய, ஹரி மார்ஷல் வார்ட் 1880 இல் இங்கு வந்து இரண்டாண்டு தங்கி, காற்றில் வரும் வித்திகளைப் பிடிக்கக் கண்ணாடித் துண்டுகளை வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது, தென்னிந்தியாவிலிருந்து வந்து கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பனவெல்லாம் வேறொரு கட்டுரைக்குரியன. பெயர் ஓரிடத்திலும் பங்கசு வேறிடத்திலும் இருந்ததன் விலை யாது என்பதற்கு இந்நிகழ்ச்சி போதும்.

அந்த இடைவெளியைக் குறைத்தவர் தோமஸ் பெற்ச் (1870–1948). 1905 இல் இலங்கை அரசாங்கத்தின் பங்கசு ஆய்வாளராகப் பேராதனைக்கு வந்த அவர் இருபது ஆண்டளவில் அங்குப் பணியாற்றி, பின்னர்ப் புதிதாகத் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரானார். பேர்க்கிலிக்கும் புறூமுக்கும் கிட்டாத வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அதே மண்ணில், அதே பருவமழையில், அதே பங்கசை அவர் ஆண்டுதோறும் காணலாம். மொட்டாக இருக்கும்போதும் காணலாம், அழுகும்போதும் காணலாம். ஒரே காளானின் இளமை ஓர் எண்ணுடனும் முதுமை வேறோர் எண்ணுடனும் கப்பலேறினால், இருவேறு பெயர்களுடன் திரும்பி வருதல் இயல்பு. பெற்ச் பூங்காவின் ஆய்வேட்டில் இலங்கைப் பங்கசுகள் பற்றிய திருத்தக் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டு, முன்னோர் தந்த பெயர்களுள் எவை நிற்கும், எவை ஒன்றாகும், எவை வேறு சாதிக்கு மாறும் என்று ஒவ்வொன்றாக நோக்கினார். அக்கட்டுரைகளைப் படிப்பவர்க்கு அவரது கடுமை சில இடங்களில் மிகையாகத் தோன்றலாம். பெயரளவில் நூலறிவு பெற்ற எவரும் மேற்கொள்ளத் துணியாத சலிப்பூட்டும் வேலை அது என்பதை நினைவிற் கொண்டால் மன்னித்துவிடலாம்.

கறையான் காளான் பற்றிய அவரது ஆய்வு இவ்விடத்துச் சிறப்பாக எடுத்துக்கூறத்தக்கது. மழை தொடங்கியதும் புற்று உள்ள நிலத்திலே தோன்றும் இக்காளானை நம் கிராமத்தவர் நன்கறிவர், விரும்பி உண்பர். இதன் தண்டு நிலமட்டத்தில் முடிவதில்லை. வேர் போன்றதொரு நீட்சி மண்ணுள் ஆழ இறங்கி, கறையான்கள் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்திற் சென்று பொருந்தும். பறிப்பவன் நிலமட்டத்தில் ஒடித்துவிட்டால், அனுப்பப்படும் மாதிரியிற் கறையானுக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பின் சுவடே இராது. பெற்ச் 1906 இல் வெளியிட்ட நீண்ட ஆய்வில் புற்றுகளைத் தோண்டி இத்தொடர்பை விளக்கியதோடு, கீழைநாடுகளிலிருந்து வெவ்வேறு சாதிகளில் வெவ்வேறு பெயர்களுடன் பதியப்பட்டிருந்த பல காளான்கள் உண்மையில் ஒன்றே என வாதிட்டார். அவர் ஒன்றெனக் கொண்டவற்றுட் சிலவற்றைப் பின்வந்தோர் மீண்டும் பிரித்துள்ளனர். பிரான்சு நாட்டு றொஜர் ஹைம் 1942 இல் இவற்றுக்கென்றே ரேர்மிற்றோமைசஸ் என்னும் சாதியை அமைத்தார். இவ்வளவு பெயர்க்குழப்பமும் ஒடிந்த தண்டிலிருந்து வந்தது என்று கூறின் அது சற்று மிகையே, பெரிதும் உண்மை.

பெற்ச் தொடங்கிய பட்டியல் அவர் மறைந்த பின்னர், ஜி. ஆர். பிஸ்பியின் கையால் நிறைவெய்தி 1950 இல் நூலாயிற்று. கியூவிலிருந்த டேவிட் பெக்லர், துவைற்ஸ் காலத்து மூலமாதிரிகளை மீளாய்ந்து, இலங்கையின் குடைக்காளான்கள் பற்றிய விரிவான நூலை 1986 இல் வெளியிட்டார். நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒரு தொகுதியை இவ்வாறு இருமுறை திருத்தியெழுத முடிந்ததென்றால், அதற்குக் காரணம் முதற்பெயர்கள் சரியாக இருந்தமையன்று. பிழையான பெயரின் கீழும் சரியான எண்ணும் மாதிரியும் அழியாதிருந்தமையே.

பேராதனைத் தொகுதியிற் குறைந்திருந்தது மறுமொழி. கேள்வி கேட்டு விடைபெறக் கப்பற் பயணத்துக்கு வேண்டிய காலம் சென்றது. காளானோ மூன்று நாள் வாழ்வது. ஒரே நாட்டினுள் அஞ்சல் விரைந்து ஓடிய இடத்தில் எவ்வளவு வேறுபட்ட உறவு மலர்ந்தது என்பதற்கு ஸ்கொத்லாந்தில் ஒரு சான்றுண்டு. சிறுவர் கதைகளாற் பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய பீற்றிக்ஸ் பொற்றர் அம்மையார், 1890களிற் காளான்களை வரைவதில் ஈடுபட்டிருந்தார். சார்ள்ஸ் மக்கின்ரொஷ் என்னும் ஓய்வுபெற்ற கிராமத்துத் தபாற்காரர் அவருக்கு அஞ்சலில் காளான்களை அனுப்புவார். அம்மையார் படங்களை அனுப்புவார். படம் அழகாயிருந்தாற் போதாது, காளானை நெடுக வெட்டி, குடையின் கீழுள்ள தகடுகள் தண்டோடு எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் தனியே வரைய வேண்டும் என்று அறிவுறுத்தியவர் அத்தபாற்காரரே. பல்கலைக்கழகம் புகாத இருவர்க்கிடையே நடந்த இவ்வுரையாடலின் பயனாகிய 300க்கும் மேற்பட்ட படங்களுள் 59, பின்னர் பங்கசு நூலொன்றை 1967 இல் அணிசெய்தன. வித்திகள் முளைத்தல் பற்றி அம்மையார் எழுதிய கட்டுரை 1897 இல் லினேயன் சங்கத்தில் வைக்கப்பட்டபோது, பெண் என்ற காரணத்தால் அவர் அவைக்குட் செல்ல இயலவில்லை. பேர்க்கிலியின் இலங்கைப் பட்டியலை வெளியிட்டதும் இதே சங்கந்தான்.

நிழற்படக் கருவி இத்துறைக்கு வந்தபோது அதனைப் பெருமளவிற் பயன்கொண்டவர் அமெரிக்காவில் சின்சினாற்றி நகரத்துக் கேற்றிஸ் கேற்ஸ் லொயிட் (1859–1926). மருந்து வியாபாரத்தில் ஈட்டிய செல்வத்தை வைத்துக்கொண்டு உலகெங்குமுள்ள அன்பர்களிடமிருந்து மாதிரிகளைப் பெற்று, நிழற்படம் பிடித்து, தம் குறிப்பேடுகளிற் பதித்து, இலவசமாகவே அனுப்பிவந்தார். மாதிரி அனுப்புபவருக்குப் படத்துடன் விடை வரும். அவ்விடையைப் படித்த இன்னொருவர் தம் ஊரிலிருந்து மேலுமொரு மாதிரி அனுப்புவார். பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரின் பெயரையும் ஒட்டிவைக்கும் வழக்கத்தை லொயிட் வெறுத்தார். தன்பெயர் அச்சேறவேண்டும் என்ற ஆசையாலேயே வேண்டாத புதிய பெயர்கள் பெருகுகின்றன என்பது அவர் கட்சி. அதனை எள்ளி நகையாட மக்கின்ரி என்றொரு கற்பனைப் பேராசிரியரையும் படைத்து உலவவிட்டார். குறும்புக்காரர்தான். ஆனால் பொதுத்தொகுதி ஒன்றிற் பெயர் என்பது உரிமைப்பத்திரம் ஆகிவிடக்கூடாது என்ற அவரது கருத்து, அவர் காலத்தைக் காட்டிலும் இக்காலத்துக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. அவருடைய நிழற்படங்கள் கறுப்பு வெள்ளையானவை. தி அல்விஸ் குடும்பத்தாரின் தூரிகை காட்டிய நிறத்தை அக்கருவி அன்று காட்டவில்லை. தூரிகை தன்னையறியாது திருத்திவிடும் கோணலை மட்டும் அது திருத்தாது விட்டது.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு இணையத் தொகுதிகளை நோக்கினால் அவற்றின் அமைப்பு எளிதில் விளங்கும். 2006 இல் நேதன் வில்சன் என்பவர் தொடக்கிய 'மஷ்றூம் ஒப்சேவர்' பங்கசுகளுக்கென்றே அமைந்தது. அதில் அடிப்படை அலகு காட்சி. அதாவது, ஒருவர் ஓரிடத்தில் ஒருநாட் கண்ட ஒரு பங்கசு. அக்காட்சிக்கு ஓர் எண் உண்டு. படங்கள் அதனோடு இணைக்கப்படும். உலர்ந்த மாதிரி எங்கேனும் இருப்பின் அதுவும் குறிக்கப்படும். பெயரோ, முன்மொழியப்படுவது. எவரும் ஒரு பெயரை முன்மொழியலாம். பிறர் அதன்மீது தம் நம்பிக்கையின் அளவை, உறுதி முதல் மறுப்பு வரை படிப்படியாகத் தெரிவிக்கலாம். பெயர் மாறினாலும் காட்சியின் எண் மாறாது. முன்னைய முன்மொழிவுகளும் அழிவதில்லை. துவைற்ஸின் எண்ணும் பெற்சின் திருத்தமும் ஒரே பக்கத்தில் அமர்ந்தாற் போன்றது இது.

2008 இற் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் சிலரின் பட்டப்படிப்புச் செயற்றிட்டமாகத் தோன்றிய 'ஐநச்சுரலிஸ்ற்' எல்லா உயிரினங்களையும் தழுவியது. அங்குத் திகதியும் இடமும் படமும் இருந்து, பெயர் கூறியவர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கு மேற்பட்டோர் இன அளவில் உடன்பட்டால் அப்பதிவு ஆய்வுக்கு உகந்த தரத்தை எய்தும். டென்மார்க்கில் 2009 முதல் 2013 வரை நடைபெற்ற பங்கசு வரைபடத் திட்டம் வேறு வழியை மேற்கொண்டது. பொதுமக்கள் பதிவு செய்வர், துறையறிஞர் சரிபார்ப்பர். எண்ணிக்கையால் முடிவு செய்தல் சிறந்ததா, அறிஞரால் முடிவு செய்தல் சிறந்ததா என்று வினவின், பங்கசுகளைப் பொறுத்தவரை பின்னையதே பாதுகாப்பானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஒருவர் சொன்ன பெயரை மற்றவர் ஆராயாது வழிமொழிவதும் உடன்பாடாகவே எண்ணப்படும். நச்சுக்காளான் வாக்கெடுப்பை மதிப்பதில்லை. ஆனால் அறிஞர் போதிய அளவு உள்ள நாடுகளுக்கே டென்மார்க்கின் வழி இயலும்.

இத்தொகுதிகளைப் பேணுவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல்களும் நமக்குப் பழகியவையே. அருகருகே நின்ற இருவேறு காளான்களின் படங்களை ஒருவர் ஒரே பதிவில் இட்டுவிடுவார். பின்னர்ப் பெயர் கூறுவோர் ஒருவர் முதற்படத்தையும் மற்றவர் இரண்டாம் படத்தையும் கருதி வழக்காடுவர். குடையின் மேற்புறத்தை மட்டும் அழகாகப் பிடித்து, தகடுகளையும் தண்டின் அடியையும் காட்டாது விடுவார். மக்கின்ரொஷ் அஞ்சலட்டையில் எழுதக்கூடியதை இன்றைய தொகுப்பாளர் ஒவ்வொரு புதியவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார். படத்தின் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. மஷ்றூம் ஒப்சேவரில் படம் எடுத்தவரின் பெயர் படத்தோடு செல்லும் என்ற நிபந்தனையுடன் பொதுப்பயன்பாட்டு உரிமம் வழங்கப்படுகிறது. பேராதனைப் படவரைஞர்களுக்கு இவ்வளவு கூடக் கிடைத்ததில்லை.

மிகக் கடினமானது மாதிரி பற்றியது. புதிய காளான் இனமொன்றுக்குப் பெயரிட வேண்டுமானால், பொதுச் சேமிப்பொன்றில் வைக்கப்பட்ட மாதிரி வேண்டும். நிழற்படம் எவ்வளவு தெளிவாயினும் அது மட்டும் போதாது. டி.என்.ஏ. ஆய்வு பெருகியபின் இத்தேவை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை. கண்ணுக்கு ஒன்றுபோற் தோன்றும் பல காளான்கள் உள்ளே வேறுபட்டவை எனத் தெரியவந்துள்ளது. இணையத்தொகுதிகளிலுள்ள பதிவுகள் பலவற்றுக்குப் பின்னால் உலர்ந்த துண்டு எதுவும் இல்லை. பேர்க்கிலியிடம் மாதிரி இருந்தது, காட்சி இல்லை. இன்று காட்சி கோடிக்கணக்கில் இருக்கிறது, மாதிரி அரிது. அண்மைக்காலத்தில் இத்தொகுதிகளைக் கொண்டு கணினிகளுக்குப் படம் பார்த்துப் பெயர் சொல்லவும் பயிற்றுகின்றனர். எந்நாட்டுப் படங்கள் மிகுதியோ அந்நாட்டுப் பெயர்களையே அக்கணினி முதலில் நினைக்கும். ஐரோப்பியக் காளானின் பெயரை ஹந்தானை மலைச்சரிவிலுள்ள காளானுக்குச் சூட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மட்டும் நிகழ்ந்த பிழையன்று.

இந்நாட்டில் இத்தகைய தொகுதியொன்றை ஒழுங்கு செய்ய முனைவோர் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. துவைற்ஸின் எண்கள் உள்ளன. பெற்சின் திருத்தங்கள் உள்ளன. பெக்லரின் நூல் உள்ளது. ஒரு பருவமழைக் காலத்தில், ஒரு வளாகத்தினுள், படம் பிடித்த ஒவ்வொரு காளானையும் ஓர் எண்ணிட்ட கடதாசிப் பையில் உலர்த்தி வைத்து, அதே எண்ணைப் படத்துக்கும் இட்டு, அவ்வூரார் அதற்கு வழங்கும் தமிழ்ப் பெயரையோ சிங்களப் பெயரையோ பக்கத்தில் எழுதி வைத்தாற்கூட, கியூவிலுள்ள மாதிரியொன்றோடு ஒப்பிட என்றோ ஒருநாள் அது உதவும். உள்ளூர்ப் பெயரை எழுதும் வழக்கம் பழைய பட்டியல்களிற் பெரும்பாலும் இல்லை. அவ்வறிவைக் கொண்டிருந்தோரை எவரும் கேட்கவில்லை.

பேர்க்கிலியும் புறூமும் ஓரிடத்தில் அக்கடனிற் சிறிது தீர்த்தனர் என்பதையும் சொல்லவேண்டும். துவைற்ஸ் அனுப்பியவற்றுள், மெல்லிய காம்புகளின் நுனியிற் கொத்தாகச் சிறு உருளைகளைத் தாங்கிய விசித்திரமான உயிரொன்று இருந்தது. 1873 இல் அதற்குப் புதிய சாதியொன்றை அமைத்து, பேராதனைப் படவரைஞரின் நினைவாக 'அல்விசியா' என்று பெயரிட்டனர். அது கூழ்போல் ஊர்ந்து திரிந்து பின்னர் வித்திகளை உண்டாக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. அக்கூட்டத்தை இன்று எவரும் பங்கசுகளோடு சேர்ப்பதில்லை. பின்வந்த வகைப்படுத்துநர் அச்சாதி தனித்து நிற்கத் தகுதியற்றதெனக் கருதி அதனை வேறொரு சாதியினுள் அடக்கிவிட்டனர். அல்விஸ் என்ற பெயர் மறைந்தது. 2014 இல் பல நாட்டு ஆய்வாளர் சிலர் கூடி, டி.என்.ஏ. சான்றையும் பிற சான்றுகளையும் வைத்து அதனை மீண்டும் ஆராய்ந்தபோது, அது தனிச் சாதியே எனக் கண்டு பழைய பெயரை மீட்டனர். அத்தோடு அச்சாதியில் மேலும் இரண்டு புதிய இனங்களையும் சேர்த்தனர்.